பாதி கரண்ட் முடிந்த நிலையில் அப்பாவின் வாய் வெந்துவிட்டது, நிறுத்தலாமா?

தம்பி, அப்பாவுக்கு 58 வயது, ஊர் முக்கூடல் பக்கம், அடிநாக்கில் புற்றுநோய் என்று எழுதியிருக்கிறீர்கள். மொத்தம் 35 கரண்ட், அதாவது ரேடியேஷன் சிகிச்சை, கூடவே வாரம் ஒரு கீமோ. 18 முடிந்திருக்கிறது. வாய் முழுக்கப் புண், சாப்பாடு இறங்கவில்லை, 62 கிலோ இருந்தவர் 57க்கு வந்துவிட்டார். என்ன கொடுக்கலாம், தேன் தடவலாமா, மூக்கில் டியூப் போட்டால் அதுவே நிரந்தரமாகிவிடுமா, ருசி எப்போது திரும்பும், பேரப்பிள்ளையைப் பக்கத்தில் விடலாமா என்று வரிசையாகக் கேட்டிருக்கிறீர்கள். இதற்கு நடுவில், "புண் ஆறும் வரை ஒரு பத்து நாள் நிறுத்திவிட்டு அப்புறம் தொடரலாமே என்று மாமா சொல்கிறார்" என்று போகிற போக்கில் ஒரு வரி. உங்கள் வீட்டில் இப்போது ராத்திரி பகலாக ஓடிக்கொண்டிருப்பது அந்தக் கேள்விதான் என்று நினைக்கிறேன். மற்றதெல்லாம் அதைச் சுற்றித்தான் வருகிறது.

பாளையங்கோட்டையில் ரேடியேஷன் பிரிவில் பல வருடம் நர்ஸாக இருந்தவள் நான். டாக்டர் இல்லை. உங்கள் அப்பாவைப் பார்த்ததும் இல்லை. மருந்தின் அளவு, கீமோவைத் தள்ளிப்போடுவது, கரண்டை நிறுத்துவது எல்லாம் அவரைப் பார்க்கிற டாக்டர் முடிவு செய்ய வேண்டியவை. ஆனால் இந்த ஒரு விஷயத்தை உறுதியாகச் சொல்வேன்: நீங்களாக நிறுத்தாதீர்கள். தொண்டை, வாய்ப் புற்றுநோய்க்கு வைக்கிற கரண்ட் விட்டு விட்டு வைக்கக் கூடியது கிடையாது. சிகிச்சை ஆரம்பித்து மூன்று நான்கு வாரம் ஆனபின், மிச்சமிருக்கும் புற்றுநோய் செல்கள் முன்பைவிட வேகமாகப் பெருக ஆரம்பிக்கின்றன. அதனால்தான் மொத்த நாள் நீளக்கூடாது என்கிறார்கள். நீள்கிற ஒவ்வொரு நாளுக்கும் நோய் கட்டுக்குள் வரும் வாய்ப்பு ஏறக்குறைய ஒரு சதவீதம் குறைவதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பத்து நாள் என்றால் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். சனி, ஞாயிறு விடுமுறை ஏற்கெனவே திட்டத்தில் சேர்ந்தது, அதற்குப் பயப்பட வேண்டாம். பொங்கல் லீவு, மெஷின் ரிப்பேர் என்று நாள் போய்விட்டால் எப்படி ஈடு செய்வீர்கள் என்று தயங்காமல் கேளுங்கள். ஒரே நாளில் குறைந்தது 6 மணி நேரம் இடைவெளி விட்டு இரண்டு தடவை வைத்து ஈடு செய்யும் வழியெல்லாம் இருக்கிறது. சில சமயம் டாக்டரே இரண்டொரு நாள் நிறுத்துவார். காய்ச்சல், ரத்த அணுக்கள் குறைவு, தாங்க முடியாத நிலை என்று அதற்குக் காரணம் இருக்கும். வீட்டில் உட்கார்ந்து எடுக்கும் முடிவு வேறு.

மாமா தப்பான எண்ணத்தில் சொல்லவில்லை. கண்ணெதிரே ஒருவர் வேதனைப்படும்போது யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் நிறுத்தாமல் தாண்டுவதற்கு வழி இருக்கிறது. வலியை அடக்குவது, எடையைப் பிடித்து நிறுத்துவது, இந்த இரண்டும்தான். இரண்டையும் இப்போதே, 18ஆம் கரண்டிலேயே ஆரம்பிக்க வேண்டும்.

புண் ஏன் வருகிறது என்று முதலில் அப்பாவுக்குப் புரிய வையுங்கள். வாயின் உள்தோல் சீக்கிரம் சீக்கிரம் உதிர்ந்து புதிதாக வளர்கிற தோல். கரண்ட் பட்டதும் புதிது வளர்வது தடைபடுகிறது, பழையது உதிர்ந்துபோய் உள்சதை தெரிகிறது. பெரும்பாலும் இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் தொடங்கும். கடைசி வாரத்திலும், முடிந்தபின் வரும் ஒன்றிரண்டு வாரத்திலும் உச்சத்தில் இருக்கும். அதற்கப்புறம்தான் மெல்ல ஆறும், பொதுவாக ஒன்று ஒன்றரை மாதத்தில். இந்தக் கணக்கைக் குடும்பத்தில் எல்லாரும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். கடைசி கரண்ட் முடிந்து வீட்டுக்குப் போனதும் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பிப் போய், அடுத்த வாரம் இன்னும் மோசமானதும் நோய் திரும்பிவிட்டது என்று அழுதுகொண்டு வந்த குடும்பங்கள் நிறைய. அந்த மோசம் எதிர்பார்த்ததுதான்.

இனி வலி. நம்ம ஊர் ஆம்பளைகளிடம் "வலி இருக்கா அண்ணாச்சி" என்று கேட்டால் "இருக்கத்தான செய்யும்" என்று முடித்துவிடுவார்கள். கொஞ்சம் நேரம் பக்கத்தில் உட்கார்ந்து பேசினால்தான், "தண்ணி குடிச்சாக்கூட கண்ணாடித் துண்ட முழுங்குத மாதிரி இருக்கு சிஸ்டர்" என்று வரும். அதற்குள் இரண்டு நாள் தண்ணீரே இறங்கியிருக்காது. அதனால் வலி இருக்கா இல்லையா என்று கேட்காதீர்கள். பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு, எச்சில் விழுங்கும்போது எவ்வளவு என்று கேளுங்கள். அந்த எண்ணை டாக்டரிடம் சொல்லுங்கள். முதலில் பாராசிட்டமால், போதவில்லை என்றால் டிரமடால், அதுவும் போதவில்லை என்றால் மார்ஃபின் என்று படிப்படியாகப் போவார்கள். சிரப்பாகக் கிடைப்பதைச் சிரப்பாகவே கேளுங்கள், மாத்திரை இறங்காது. வலி வந்தபின் கொடுப்பதில் பயன் குறைவு. சொன்ன மணிக்குத் தவறாமல் கொடுக்க வேண்டும், அதில் ஒரு வேளை சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் வருகிற மாதிரி அமைத்துக்கொள்ளுங்கள்.

மார்ஃபின் என்ற பேரைக் கேட்டதும் "அப்ப அவ்வளவுதானா" என்று வீட்டில் பயந்துவிடுவார்கள். இங்கே அது கடைசி மருந்து என்று அர்த்தமே இல்லை. புண் ஆறியதும் அளவைக் குறைத்துக்கொண்டே வந்து நிறுத்திவிடுவார்கள். வலிக்காக டாக்டர் சொன்ன அளவில் எடுப்பவர் அதற்கு அடிமையாவது அபூர்வம். மலச்சிக்கல் கட்டாயம் வரும், அதற்கான மருந்தை முதல் நாளே சேர்த்துக் கேட்டு வாங்குங்கள். வாயை மரக்கச் செய்யும் ஜெல், கொப்புளிக்கும் மருந்து கொடுத்தால் நல்லதுதான். தொண்டை மரத்திருக்கும்போது சூடு தெரியாது, புரையேறவும் வாய்ப்பு உண்டு, அதனால் ஆறின சாப்பாட்டை மெதுவாகக் கொடுங்கள். இன்னொன்று, மெடிக்கலில் போய் நீங்களாக வலி மாத்திரை கேட்டு வாங்காதீர்கள். வாரக் கீமோ பெரும்பாலும் சிஸ்பிளாட்டினாக இருக்கும், அது சிறுநீரகத்தைப் பாதிக்கக் கூடியது. டைக்ளோஃபெனாக், புரூஃபென் மாதிரி மருந்துகள் அதோடு சேர்ந்தால் சிறுநீரகம் தாங்காது.

வாய் கழுவுவது சின்ன வேலை போலத் தெரியும், ஆனால் அதை ஒழுங்காகச் செய்கிறவர்கள் மற்றவர்களைவிட நன்றாகத் தாண்டுவதைப் பார்த்திருக்கிறேன். கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு லிட்டர், அதில் ஒரு டீஸ்பூன் உப்பு, ஒரு டீஸ்பூன் ஆப்ப சோடா. தினமும் காலையில் புதிதாகக் கலக்குங்கள். முழித்திருக்கும் நேரமெல்லாம் இரண்டு மணிக்கு ஒருமுறை, சாப்பிட்டதும் ஒருமுறை, வாயில் வைத்து மெல்லச் சுழற்றித் துப்ப வேண்டும். கயிறு கயிறாக வரும் கெட்டிச் சளி எச்சிலை இளக்கவும் இதுதான் நல்ல வழி. கடையில் விற்கும் எரிச்சலான மவுத்வாஷ், படிகாரத் தண்ணீர், பல்பொடி, வேப்பங்குச்சி எதுவும் வேண்டாம். குழந்தைகள் பிரஷ்ஷில் மெல்லத் தேய்த்தால் போதும், செட்டுப் பல் இருந்தால் கழற்றி வைத்துவிடுங்கள். நாக்கிலும் கன்னத்திலும் தயிர் ஒட்டிய மாதிரி வெள்ளை படிந்தால் அது பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். அதற்குத் தனி மருந்து உண்டு, கொடுத்தால் வலி சட்டென்று குறையும். ஒவ்வொரு நாளும் டார்ச் அடித்து வாய்க்குள் பாருங்கள்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். அப்பாவின் எடைக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1,700 முதல் 2,000 கலோரி, 70 முதல் 85 கிராம் புரதம் தேவை. வெறும் அரிசிக் கஞ்சித் தண்ணீர், இளநீர், நுங்கு என்று கொடுத்துக்கொண்டிருந்தால் வயிறு நிறையும், எடை இறங்கிக்கொண்டே போகும். அவையெல்லாம் தாகத்துக்குச் சரி. ஒவ்வொரு வாய்க்கும் சத்து ஏற்ற வேண்டும். அதற்கு நம் பக்கத்துச் சமையலே போதும். உளுந்தங்கஞ்சியை எடுத்துக்கொள்ளுங்கள். நாம் வழக்கமாகத் தொலி உளுந்தில் செய்வோம், இவருக்குத் தொலி நீக்கிய உளுந்து போடுங்கள், தொலி புண்ணில் ஒட்டும். லேசாக வறுத்து, குழைய வேகவைத்து, மிக்ஸியில் அரைத்து, பாலோ கெட்டித் தேங்காய்ப்பாலோ விட்டு இளக்கி, ஒரு ஸ்பூன் நெய் சேர்த்து, வெதுவெதுப்பாகக் கொடுங்கள். கருப்பட்டி போடுவதானால் தண்ணீரில் கரைத்து மண் போக வடிகட்டித்தான் போட வேண்டும். சர்க்கரை வியாதி உண்டா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் கருப்பட்டியை விட்டுவிடுங்கள்.

சொதி பிடிக்கும் என்றால் அதையும் மாற்றிச் செய்யலாம். இஞ்சி, பச்சைமிளகாய், எலுமிச்சை மூன்றும் இல்லாமல், பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் கேரட்டும் நன்றாக வேகவைத்து மசித்து, கடைசியில் கெட்டித் தேங்காய்ப்பாலை விட்டு இறக்குங்கள். குழைந்த சோற்றோடு சேர்த்து மசித்து, மேலே இன்னும் கொஞ்சம் பாலை ஊற்றினால் வழுவழுவென்று இறங்கும். முட்டையைப் பாலில் அடித்து ஆவியில் வேகவைத்துக் கொடுங்கள். பச்சை முட்டையும் அரைவேக்காடும் கீமோ நேரத்தில் கூடாது. சத்துமாவுக் கஞ்சி, கேழ்வரகுக் கூழ் எல்லாம் பால் விட்டு, சலித்து. புளிக்காத புதுத் தயிர் சிலருக்கு இதமாக இருக்கும், புளித்த மோர் எரியும். மூன்று வேளை என்ற கணக்கை விட்டுவிட்டு, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு டம்ளர் என்று வையுங்கள். தட்டு நிறைய வைத்து "சாப்பிடுங்க" என்று முன்னால் உட்காருவதைவிட அது நடக்கும். சாப்பாடு விஷயத்தில் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் சண்டை வராத வீட்டை நான் பார்த்தது குறைவு. ஆசையாகச் செய்ததை அவர் ஒதுக்குவது வெறுப்பினால் இல்லை, அவர் நாக்குக்கு அது மண்ணாகத் தெரிகிறது என்பதை அம்மாவிடம் எடுத்துச் சொல்லுங்கள்.

ருசி பெரும்பாலும் கரண்ட் முடிந்து சில மாதங்களில் கொஞ்சம் கொஞ்சமாக வரும், சிலருக்கு ஒரு வருடம் வரை ஆகும். முழுக்கப் பழையபடி வராதவர்களும் உண்டு.

இப்போது டியூப். எடை 5 கிலோ போயிருக்கிறது, அதாவது முதலில் இருந்ததில் 8 சதவீதம். இன்னும் பாதிச் சிகிச்சை பாக்கி. கரண்ட் வைக்கும்போது தலை அசையாமல் இருக்க முகத்துக்குப் போடும் மாஸ்க் பழைய முக அளவுக்குச் செய்தது. எடை குறையக் குறைய அது தளரும், தளர்ந்தால் கரண்ட் படும் இடம் நகரும். சில சமயம் புது மாஸ்க் செய்து, மறுபடி ஸ்கேன் எடுத்துத் திட்டம் போட வேண்டி வரும். ஆகவே டாக்டர் டியூப் பேச்சை எடுத்தால் மறுக்காதீர்கள், எடுக்காவிட்டால் நீங்களே கேளுங்கள். மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் ரைல்ஸ் டியூப் தற்காலிக ஏற்பாடுதான். பெரும்பாலானவர்களுக்குப் புண் ஆறி வாயால் சாப்பிட ஆரம்பித்ததும் எடுத்துவிடுவார்கள். சிலருக்கு மாதக்கணக்கில் தேவைப்படலாம், அப்போது வயிற்றில் நேரடியாக வைக்கும் டியூப் வசதியாக இருக்கும். வீட்டில் கொடுக்கும்போது தலைப்பக்கம் உயர்த்தி உட்கார வைத்து, வடிகட்டிய கஞ்சியை ஒரு தடவைக்கு 200 மில்லி அளவில் மெதுவாக இறங்கவிட்டு, முடிந்ததும் தண்ணீர் விட்டு டியூபைக் கழுவுங்கள். கொடுத்தபின் அரை மணி முதல் ஒரு மணி நேரம் படுக்க விடாதீர்கள். மூக்கருகே டியூபில் இருக்கும் குறியைத் தினமும் பாருங்கள், வெளியே நழுவியிருந்தால் நீங்களாக உள்ளே தள்ளக் கூடாது. டியூப் போட்ட பிறகும் தினமும் பல தடவை, இரண்டு மூன்று மடக்குத் தண்ணீராவது வாயால் விழுங்கச் சொல்லுங்கள். வேலை கொடுக்காவிட்டால் விழுங்கும் தசைகள் இறுகிவிடும், அதைப் பிறகு மீட்பது கஷ்டம். ஆஸ்பத்திரியில் பேச்சு, விழுங்கும் பயிற்சி கொடுப்பவர் இருந்தால் இப்போதே பார்த்துவிடுங்கள். தண்ணீர் குடித்தால் ஒவ்வொரு முறையும் புரையேறுகிறது என்றால் அதை மட்டும் உடனே சொல்ல வேண்டும், நுரையீரலுக்குள் போகிறது என்று அர்த்தமாக இருக்கலாம்.

தேன் விஷயத்தில் உறுதியான பதில் கிடையாது. சில ஆய்வுகளில் தேன் வாயில் வைத்து விழுங்கியவர்களுக்குப் புண் குறைவாக இருந்திருக்கிறது, வேறு சிலவற்றில் வித்தியாசமே தெரியவில்லை. சர்க்கரை வியாதி இல்லையென்றால், டாக்டரிடம் சொல்லிவிட்டுக் கொடுத்துப் பார்க்கலாம். சிறிது நேரம் கழித்து வாயைக் கழுவ வேண்டும், இல்லாவிட்டால் பல் சொத்தையாகும். எரிந்தால் விட்டுவிடுங்கள். மணத்தக்காளிக் கீரையைக் காரமில்லாமல் கடைந்து உணவாகக் கொடுப்பதில் தப்பில்லை, அதுவே புண்ணை ஆற்றும் என்று நம்பி வலி மருந்தை நிறுத்தாதீர்கள். லேகியம், பஸ்பம், யாரோ கொடுத்த சூரணம் எதுவும் கீமோ ஓடும் வாரங்களில் வேண்டவே வேண்டாம். கல்லீரலையும் சிறுநீரகத்தையும் எது எப்படிப் பாதிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

கழுத்துத் தோல் கறுத்து, உரிந்து வரும். மென்மையான சோப்பால் கழுவலாம், ஒற்றித் துடையுங்கள். மஞ்சள், வேப்பெண்ணெய், பவுடர் வேண்டாம், பிளேடால் சவரம் வேண்டாம். பாளையங்கோட்டை வெயில் உங்களுக்குத் தெரியும். பஸ்ஸில் வந்து போகிறவர் என்றால் பழைய வேட்டித் துணி மாதிரி மெத்தென்ற பருத்தியைக் கழுத்தில் தளர்வாகப் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். கரகர துண்டு உரசினாலே தோல் பிய்ந்துவிடும்.

பேரப்பிள்ளையைத் தாராளமாக மடியில் விடுங்கள். வெளியிலிருந்து மெஷின் வைத்துக் கொடுக்கும் கரண்ட் உடம்பில் தங்காது, மெஷின் நின்றதும் போய்விடும். புற்றுநோய் தொற்றும் நோயும் இல்லை. தனித் தட்டு, தனி அறை வைத்து ஒதுக்கியதில் மனசு உடைந்து சிகிச்சையை விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். பிள்ளைக்குச் சளி, காய்ச்சல் இருந்தால் மட்டும் தள்ளி வையுங்கள், அது அப்பாவின் பாதுகாப்புக்காக.

வாய் திறப்பது குறைகிறதா என்று வாரம் ஒருமுறை பாருங்கள். அவருடைய மூன்று விரலை அடுக்கி முன்பற்களுக்கு இடையில் விட முடிய வேண்டும். தினமும் நான்கைந்து வேளை, வலி தாங்கும் அளவுக்கு வாயைத் திறந்து சில நொடி நிறுத்தும் பயிற்சி வேண்டும். ஐஸ்கிரீம் மரக்குச்சிகளைப் பற்களுக்கு இடையில் அடுக்கி, ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போகும் முறையை ஆஸ்பத்திரியில் காட்டிக் கொடுப்பார்கள். இது கரண்ட் முடிந்தபிறகும் மாதக்கணக்கில் தொடர வேண்டியது, நின்றால் தாடை இறுகிவிடும்.

வெற்றிலை, பீடி பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் சொல்கிறேன். சிகிச்சை நேரத்தில் புகைப்பது கரண்டின் பலனையே குறைக்கும். கல்யாண வீட்டில் "புகையிலை இல்லாம வெறும் வெத்தல பாக்குதான" என்று நீட்டுவார்கள். பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் பொருள், அது மட்டும் போட்டாலும் கெடுதல்தான்.

முடிந்தபின் வருடக்கணக்கில் நினைவில் வைக்க வேண்டியவை இரண்டு உண்டு. ஒன்று பல். எச்சில் குறைவதால் சொத்தை வேகமாக வரும், பல் டாக்டர் சொல்லும் ஃபுளோரைடைத் தினமும் பயன்படுத்த வேண்டும். பத்து வருடம் கழித்துப் பல் வலித்தாலும், கரண்ட் வைத்த விவரத்தைச் சொல்லாமல் பல்லைப் பிடுங்கக் கூடாது. கரண்ட் பட்ட தாடை எலும்புக்கு ரத்த ஓட்டம் குறைவு, பிடுங்கிய இடம் ஆறாமல் எலும்பே அழுகிப்போகலாம். இன்னொன்று தைராய்டு. கழுத்தில் கரண்ட் பட்டதால் அதன் சுரப்பு மெல்லக் குறையக்கூடும். ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை செய்துகொண்டே இருக்க வேண்டும்.

இப்போதைக்கு நாளைக் காலையில் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். இன்றைய எடை, வலிக்கு அவர் சொன்ன எண், நேற்று முழுவதும் எத்தனை டம்ளர் உள்ளே போனது, மூன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கரண்டுக்குப் போகும்போது மெஷின் அறையோடு திரும்பி வராமல், டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டும் என்று கேட்டு அந்தத் தாளைக் காட்டுங்கள். செலவு பயந்து டியூப், மருந்தைத் தள்ளிப்போடாதீர்கள். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் ஆஸ்பத்திரியிலேயே இருக்கும் காப்பீட்டு மேசையில் என்னென்ன அதில் வரும் என்று கேளுங்கள். 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் இறங்காமை, சிறுநீர் குறைவது, வாயிலிருந்து ரத்தம், இவற்றில் எது வந்தாலும் அடுத்த கரண்ட் நேரம் வரை காத்திருக்காமல் அன்றைக்கே கூட்டிப் போங்கள். மூச்சு விடும்போது தொண்டையில் சத்தம் கேட்டால் ராத்திரி எத்தனை மணியானாலும் 108ஐக் கூப்பிட்டுவிடுங்கள்.